நத்தை பகலில் எங்கே இருக்கிறது?

நத்தைத் தொல்லை தாங்கவில்லை என்று யாராவது சொன்னால், பகலில் அது எங்கே இருக்கிறது என்று பார்த்தீர்களா என்றுதான் முதலில் கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது. இலையில் விழுந்த ஓட்டையைப் பார்த்திருப்பார்கள். காலையில் மண்மேல் காய்ந்து பளபளக்கும் கோட்டைப் பார்த்திருப்பார்கள். மழை பெய்த மறுநாள் சுவரில் ஏறும் ஒன்றிரண்டைத் தட்டிவிட்டிருப்பார்கள். ஆனால் வெயில் நேரத்தில் அந்தக் கூட்டம் முடங்கிக் கிடக்கும் இடத்தைத் தேடிப் போயிருக்க மாட்டார்கள். என் தோட்டத்தில் நத்தை கட்டுக்குள் வந்தது அந்த இடங்களைத் தெரிந்துகொண்ட பிறகுதான். மருந்து, பொறி, தடுப்பு எல்லாம் அதற்குப் பின்னால் வருகிற சில்லறை வேலைகள்.

அதற்கும் முன்னால், ஓட்டை போட்டது நத்தைதானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். செடியில் எது நடந்தாலும் கண்ணில் பட்ட உயிரின்மேல் பழியைப் போடுவது நம் வழக்கம். புழு தின்றிருந்தால் இலைமேலோ அடியிலோ சின்னச் சின்னக் கரும்பச்சை உருண்டைகளாக எச்சம் கிடக்கும். வெட்டுக்கிளி பகலிலேயே வரும், ஓரத்திலிருந்து கடித்துக்கொண்டு போகும். நத்தைக்கு அப்படி ஒரு முறை கிடையாது. நடுவிலும் தின்னும், ஓரத்திலும் தின்னும், ஓட்டைகள் கோணல்மாணலாக இருக்கும். இளம் நாற்றாக இருந்தால் இலை முழுவதும் போய்த் தண்டு மட்டும் நிற்கும், சில நேரம் அதுவும் இருக்காது. நாற்றை அடியோடு துண்டிக்கும் வெட்டுப்புழுவும் இதே மாதிரி செய்யும் என்பதால் அடித்தண்டைச் சுற்றி ஒரு விரல் ஆழம் மண்ணைக் கிளறிப் பாருங்கள். புழு அங்கேயே சுருண்டு கிடந்தால் நத்தையை விட்டுவிடலாம். கிடக்கவில்லை, பக்கத்தில் காய்ந்த சளிக்கோடும் இருக்கிறது என்றால் சந்தேகமே வேண்டாம்.

மழை அந்தக் கோட்டைக் கழுவிவிட்டிருந்தால் ராத்திரி போய்த்தான் பார்க்க வேண்டும். இருட்டி ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து, டார்ச் எடுத்துக்கொண்டு, மண் ஈரமாக இருக்கிற நாளாகப் பார்த்துப் போங்கள். பகலில் ஒன்றுகூடத் தெரியாத பாத்தியில் அப்போது தெரியும் எண்ணிக்கை யாரையும் மலைக்க வைக்கும். ராத்திரிப் பார்வையில் இன்னொரு லாபமும் உண்டு. எந்தப் பக்கத்திலிருந்து வருகின்றன என்பது தெரிந்துவிடும். என் பாத்தியில் பாதிக்கு மேல் ஒரே மூலையிலிருந்து வந்துகொண்டிருந்தன. அந்த மூலையில் பழைய ஓடுகளும் உடைந்த தொட்டிகளும் அடுக்கியிருந்தன. மறுநாள் காலையில் எங்கே கை வைக்க வேண்டும் என்பதற்கு அதைவிடத் தெளிவான விடை கிடைக்காது.

இவ்வளவு தேடுவதற்குக் காரணம் அதன் உடம்பில் இருக்கிறது. நத்தை பூச்சி இனம் இல்லை. சிப்பி, கணவாய் இருக்கும் மெல்லுடலி இனத்தைச் சேர்ந்தது. அதனால்தான் பூச்சிக்காக அடிக்கிற மருந்துகளில் பெரும்பாலானவை இதை அசைப்பதில்லை. வேப்பெண்ணெய் தொடங்கிக் கடும் மருந்துவரை அடித்துவிட்டு, ஒன்றும் ஆகவில்லையே என்று சொல்பவர்களைப் பார்க்கிறேன். உண்மையில் அவர்கள் கொல்வது நத்தையைத் தின்கிற வண்டுகளை.

நத்தையின் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். மேலே நம்மைப்போல் காய்ந்த தோல் கிடையாது. நகர வேண்டுமென்றால் சளி சுரக்க வேண்டும், சளி சுரக்கத் தண்ணீர் வேண்டும், வெயிலில் போனால் அந்தத் தண்ணீர் ஆவியாகிவிடும். ஓடுள்ள நத்தைக்காவது உள்ளே இழுத்துக்கொள்ள ஒரு வீடு இருக்கிறது. கடும் வறட்சி வந்தால் ஓட்டின் வாயைக் காய்ந்த சளியால் மெல்லிய மூடி போட்டு அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கிடக்கும். ஓடில்லாத நத்தைக்கு அந்த வசதியும் இல்லை. மண் வெடிப்பு, கல்லடி, தொட்டியின் அடி, மட்கும் தழை இப்படி எங்காவது ஈரமான இருட்டைத் தேடி ஒதுங்கியே ஆக வேண்டும். ஆக, நத்தை பெருகியிருக்கிறது என்றால் தோட்டத்தில் அதற்குப் பகல் தங்குமிடம் தாராளமாக இருக்கிறது என்று அர்த்தம்.

வாயைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதன் நாக்கு ஒரு நாடாவாக இருக்கும், அதில் ஆயிரக்கணக்கில் நுண்ணிய பற்கள். இலையைக் கடிப்பதில்லை, துருவியில் தேய்ப்பதுபோல் சுரண்டி எடுக்கும். தேய்ந்த பல் வரிசை முன்னால் உதிர உதிரப் பின்னாலிருந்து புதியது வந்துகொண்டே இருக்கும். அதனால் தடித்த இலையும் அதற்கு ஒரு பொருட்டில்லை, மெல்லிய நாற்று என்றால் கேட்கவே வேண்டாம்.

இப்போது பகல் இடங்களுக்கு வருவோம். தரையில் உட்காரும் தொட்டியின் அடிப்பக்கம்தான் முதல் சந்தேகம். தொட்டியைச் சாய்த்துப் பார்த்தால் நீர் வடியும் துளையைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருக்கும். துளை வழியாக உள்ளே ஏறி மண்ணுக்குள்ளேயே குடித்தனம் நடத்துவதும் உண்டு. நான் எல்லாத் தொட்டிகளையும் இரண்டு செங்கல்மேல் தூக்கி வைத்தேன். அடியில் காற்று போனது, தரை காய்ந்தது, அங்கே தங்குவதை அவை விட்டுவிட்டன. தொட்டிக்கு அடியில் வைக்கும் தண்ணீர்த் தட்டு நத்தைக்கு மிகப் பிடித்த இடம், வெளியில் வைக்கும் செடிக்கு அது தேவையும் இல்லை.

அடுத்தது தொட்டியின் விளிம்பு. பிளாஸ்டிக் தொட்டிகளில் விளிம்பு வெளிப்பக்கம் மடிந்திருக்கும். அந்த மடிப்புக்குள் விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினால் குட்டி நத்தைகள் வரிசையாக இருப்பது தெரியும். கையுறை இல்லாமல் விரலை விடாதீர்கள், காரணம் பின்னால் வருகிறது. நார்ப் பைகளில் என்றால் கைப்பிடித் தையலும் மடிப்பும் அதே மாதிரி இடங்கள். அப்புறம் அடுக்கி வைத்த காலித் தொட்டிகள், மடித்துப் போட்ட தார்ப்பாய், ஈரச் சாக்கு, பலகை, குழாயடி, உரக்குழியின் மூடி. கொடி படர்ந்த சுவரும் வேலியோரப் புல்லும் இன்னொரு ரகம். அவற்றை முழுவதும் ஒழிக்க முடியாது, ஒழிக்கவும் வேண்டாம். பாத்திக்கும் அவற்றுக்கும் நடுவில் ஓரடி அகலத்துக்கு வெறும் தரை விட்டுவிட்டால் போதும். வெறும் தரையைக் கடக்கிறபோது தண்ணீர் இழப்பு அதிகம் என்பதால் நிறைய நத்தைகள் அந்தப் பயணத்துக்கு வருவதில்லை. மழை ராத்திரியில் இந்தக் கணக்கு எடுபடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

தழை, சருகு போட்டு மண்ணை மூடும் மூடாக்கு விஷயத்தில் எனக்கு இன்றுவரை இரண்டு மனசுதான். மண்ணின் ஈரம் காக்க, களை குறைய, மண்புழு பெருக மூடாக்கு வேண்டும். அதே மூடாக்குதான் நத்தைக்குப் படுக்கை. நான் கடைப்பிடிப்பது ஒரு சமரசம். நாற்று சிறியதாக இருக்கும்வரை மூடாக்கு போடுவதில்லை. செடி முழங்கால் உயரம் வந்து தண்டு முற்றியபின் போடுகிறேன், அப்போதும் தண்டைச் சுற்றி ஒரு சாண் இடம் விட்டு, மெல்லிய அடுக்காக. பச்சைத் தழையைக் குவித்துப் போடுவதைவிடக் காய்ந்த சருகு பரவாயில்லை. மழை தொடர்ந்து பெய்யும் வாரங்களில் அதையும் ஒதுக்கிவிடுகிறேன்.

தண்ணீர் ஊற்றும் நேரத்தை மாற்றியது நான் எதிர்பார்த்ததைவிடப் பலன் தந்தது. மாலையில் ஊற்றினால் நத்தை கிளம்பும் நேரத்துக்குச் சரியாக மண் ஈரமாக இருக்கும். பாதை போட்டுக் கொடுத்த மாதிரிதான். விடியற்காலையில் ஊற்றினால் செடி குடித்து மேல்மண் காய்ந்து ராத்திரியில் நடக்கச் சிரமமான தரையாக மாறிவிடும். செடியின் அடியில் மட்டும் ஊற்றுவதும் சொட்டுநீரும் இதே காரணத்தால் நல்லது. காசு செலவில்லாத வேலை என்பதாலோ என்னவோ இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

முட்டையைத் தேடுவதுதான் அதிகம் பேர் விட்டுவிடுகிற வேலை. நத்தையின் உடம்பில் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் சேர்ந்தே இருக்கும். இணை சேர்ந்தால் இரண்டுமே முட்டையிடக் கூடும். ஈர மண்ணில் ஒன்றிரண்டு அங்குல ஆழத்தில், அல்லது கல்லுக்கும் தொட்டிக்கும் அடியில், வெள்ளையாகவோ கண்ணாடி மாதிரி தெளிவாகவோ சின்ன முத்துகள் கொத்தாக இருக்கும். குருணை உரம் என்று நினைத்து அப்படியே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. விரலால் நசுக்கிப் பார்த்தால் தெரியும்: உரக்குருணை கரகரவென்று பொடியும், முட்டை வழுக்கும் அல்லது நீர்விட்டு உடையும். மண்ணைக் கிளறி வெயிலில் காட்டினாலே முட்டைகள் காய்ந்து போய்விடும். புதிய நடவுக்கு முன் பாத்தியை மேலாகக் கொத்தி இரண்டு மூன்று நாள் வெறுமனே காயவிடுவதை நான் வழக்கமாக வைத்திருக்கிறேன். பறவைகளும் வந்து பொறுக்கும். ஒரு கொத்து முட்டையை வெளியே எடுப்பது எத்தனையோ ராத்திரிகள் டார்ச் அடித்துத் தேடுவதற்குச் சமம்.

நாற்று விஷயத்தில் ஒரு கணக்கு உண்டு. நத்தையால் செடி செத்துப்போவது பெரும்பாலும் முதல் மூன்று நான்கு வாரத்தில்தான். வளர்ந்த செடியில் நாலு இலை ஓட்டையானால் செடிக்கு ஒன்றும் ஆகாது, நம் கண்ணுக்குத்தான் உறுத்தும். ஆகவே பாதுகாப்பு முழுவதையும் அந்தச் சில வாரத்தில் குவிக்க வேண்டும். அவரை, முள்ளங்கி, கோஸ், கீரை, துலுக்கச் சாமந்தி இவையெல்லாம் முளைத்தவுடன் குறி வைக்கப்படும். இவற்றை நேரடியாகப் பாத்தியில் விதைப்பதைவிட, உயரமான மேசைமேல் குழித்தட்டில் வளர்த்து, தண்டு கொஞ்சம் முற்றியபின் நடலாம். மேசைக் காலை ஒரு கிண்ணத் தண்ணீரில் நிறுத்தினால் ஏறி வர வழியில்லை, ஆனால் கொசு முட்டை வைக்காமல் தண்ணீரை மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். நட்ட பிறகு அடி வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலை ஒவ்வொரு நாற்றின்மேலும் கவிழ்த்து மண்ணுக்குள் கொஞ்சம் அழுத்திவிடுவேன். மூடியைத் திறந்தே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வெயிலில் நாற்று வெந்துவிடும். கவிழ்ப்பதற்குமுன் உள்ளே ஒரு நத்தையும் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி தடுப்பு வித்தைகள். முட்டை ஓட்டைப் பொடித்துச் சுற்றிலும் தூவினால் நத்தை தாண்டாது என்பது எல்லோருக்கும் தெரிந்த யோசனை. நானும் தூவிவிட்டு ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தேன். நத்தை அதன்மேலேயே ஏறிப் போனது, சளி போதுமான அளவு இருந்தால் கத்தி முனைமேல்கூட அதனால் போக முடியும். இதை நான் மட்டும் சொல்லவில்லை. பிரிட்டனின் தோட்டக்கலைச் சங்கமான ராயல் ஹார்டிகல்ச்சரல் சொசைட்டி முட்டை ஓடு, செம்புப் பட்டை, கூர்மணல், பைன் மரப்பட்டை, கம்பளி உருண்டை ஆகிய ஐந்தையும் லெட்டூஸ் செடிகளைச் சுற்றி வைத்துச் சோதித்தது. 2018ல் வெளியான முடிவு: எதுவும் இல்லாமல் விட்ட செடிகளுக்கும் இவற்றுக்கும் சேதத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. யோசித்துப் பார்த்தால் ஆச்சரியமும் இல்லை. மண்ணுக்கு அடியில் வரும் நத்தையையும் வளையத்துக்கு உள்ளேயே முட்டையிலிருந்து பொரித்த நத்தையையும் மேலே போட்ட வளையம் என்ன செய்யும்?

சாம்பலும் சுண்ணாம்புத் தூளும் காய்ந்திருக்கும்வரை வேலை செய்யும். நத்தை வருவதோ ஈர ராத்திரியில். திரும்பத் திரும்பப் போட்டால் மண்ணின் காரத்தன்மை ஏறுவதுதான் மிச்சம்.

காப்பித்தூள் போட்டால் நத்தை வராது என்ற கதைக்கு ஒரு நிஜமான வேர் உண்டு. 2002ல் நேச்சர் இதழில் ஹவாய் ஆய்வாளர்கள் வெளியிட்ட குறிப்பு அது. தவளைகளைக் கட்டுப்படுத்த, காப்பியில் இருக்கும் கஃபீன் என்ற பொருளின் கரைசலைச் சோதித்தபோது தொட்டியில் இருந்த நத்தைகள் சாவதைக் கவனித்திருக்கிறார்கள். ஒன்று முதல் இரண்டு சதவீதக் கரைசல் நத்தைகளைக் கொன்றது. சாதாரணக் காப்பியில் இருப்பது சுமார் 0.05 சதவீதம்தான். வடிகட்டிய சக்கையில் என்ன மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சக்கையை உரக்குழியில் போடுங்கள், அங்கே அதற்கு வேலை இருக்கிறது.

எதிர்வீட்டு அக்கா சொன்னது உப்பு. "உப்பைத் தூவுங்க தம்பி, அப்படியே கரைஞ்சு போயிடும்." கரையும்தான். உடம்பின் தண்ணீரை உப்பு வெளியே இழுத்துவிடும். ஆனால் பாத்தியில் விழுந்த உப்பு எங்கேயும் போகாது, செடியின் வேரையும் அதே மாதிரிதான் வறட்டும். தோட்ட மண்ணில் உப்புக்கு இடமே இல்லை. உயிர் துடிப்பதைப் பார்க்கவும் நன்றாக இருக்காது. பொறுக்கியவற்றை வாளிக்குள் உப்புக் கரைசலில் போடுவது வேறு கதை, ஆனால் அந்தக் கரைசலையும் கடைசியில் செடிப்பக்கம் கொட்டக் கூடாது.

பொறிகளில் எனக்குப் பிடித்தது பலகைப் பொறிதான். ஒரு பழைய பலகை அல்லது நனைத்த சாக்கைச் சாயங்காலம் பாத்தியோரம் போட வேண்டும். அடியில் கோஸ் இலையோ பப்பாளி இலையோ கொஞ்சம் கசக்கி வைத்தால் இன்னும் நல்லது. விடிந்ததும், வெயில் ஏறுவதற்குள் திருப்பிப் பார்த்தால் தங்கியிருப்பவற்றைப் பொறுக்கிவிடலாம். பகல் தங்குமிடங்களை எல்லாம் ஒழித்துவிட்டு நாமே ஒரு தங்குமிடம் போட்டுக் கொடுக்கும் தந்திரம் இது. மற்ற இடங்களைச் சுத்தம் செய்யாமல் பலகை மட்டும் போட்டால் அது இன்னும் ஒரு வீடாக ஆகிவிடும், அவ்வளவுதான்.

பீர் ஊற்றி வைக்கும் பொறி பலருக்குத் தெரியும். அதில் இழுப்பது சாராயம் இல்லை, ஈஸ்ட் நொதிக்கும் வாசனை. தண்ணீரில் கொஞ்சம் சர்க்கரை, மாவு, ஈஸ்ட் கலந்து வைத்தாலும் அதே கூட்டம் வரும். கிண்ணத்தின் விளிம்பை மண்மட்டத்துக்கு ஒரு விரல்கடை மேலே விட்டுப் புதையுங்கள், இல்லாவிட்டால் நத்தை தின்னும் நல்ல வண்டுகளும் தவறி விழுந்துவிடும். இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், நாற்றம் தாங்காது. வந்து குடித்துவிட்டுத் திரும்பிப் போகிறவைதான் விழுபவற்றைவிட அதிகம் என்பது நான் ராத்திரியில் நின்று பார்த்தது. சின்னப் பாத்திக்குச் சரி, பெரிய தோட்டத்துக்கு இதை நம்ப வேண்டாம்.

கொல்ல மனசில்லாமல் மதிலுக்கு அந்தப் பக்கம் எறிகிறவர்களுக்காக ஒரு தகவல். நத்தைக்கு வீடு திரும்பத் தெரியும். பிரிட்டனில் ரூத் புரூக்ஸ் என்ற தோட்டக்காரர், விஞ்ஞானி அல்லாதவர்களுக்காக 2010ல் பிபிசி ரேடியோ 4 நடத்திய போட்டியில் இதைத்தான் சோதித்தார். நத்தைகளின் ஓட்டில் நிறம் பூசி அடையாளம் வைத்து வெவ்வேறு தூரத்தில் விட்டுப் பார்த்தார். பக்கத்தில் விட்டவை திரும்பி வந்துவிட்டன. பின்னால் நடந்த ஆய்வுகள், இருபது மீட்டருக்கு அப்பால் கொண்டுபோய் விட்டால்தான் பயன் என்றன. உள்ளூர் நத்தையாக இருந்தால், ஆளில்லாத புதர்ப் பக்கம் அவ்வளவு தூரம் நடந்துபோய் விடலாம். மதிலுக்கு அப்பால் எறிவது பக்கத்து வீட்டுக்காரருக்கு வேலை வைப்பது, அதுவும் சில நாளைக்கு மட்டும்.

குருணை மருந்து என்று விற்பதில் இரண்டு வகை இருக்கும், பொட்டலத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்க வேண்டும். ஒன்று மெட்டால்டிஹைடு. இது நத்தையை அளவில்லாமல் சளி சுரக்க வைத்துக் காயவைத்துக் கொல்லும். மழை பெய்துவிட்டால் மயங்கிக் கிடந்தது தண்ணீரை உறிஞ்சிப் பிழைத்துக்கொள்வதும் உண்டு. இதைவிடப் பெரிய பிரச்சினை, நாய்க்கும் பூனைக்கும் இது கொடிய விஷம், வாசனைக்காக நாய் விரும்பித் தின்னவும் செய்யும். பறவைகளுக்கும் முள்ளெலிகளுக்கும் ஆபத்து என்று பிரிட்டனில் 2022ல் வெளித்தோட்டப் பயன்பாட்டுக்கு இதைத் தடை செய்துவிட்டார்கள். வீட்டில் குழந்தையோ செல்லப் பிராணியோ இருந்தால் இதை வாங்கவே வேண்டாம் என்பேன்.

மற்றது ஃபெரிக் பாஸ்பேட், அதாவது இரும்புச் சேர்மம். தின்ற நத்தை சாப்பிடுவதை நிறுத்திவிட்டு எங்காவது ஒளிந்துகொண்டு சில நாளில் சாகும். பிணம் கண்ணில் படாததால் மருந்து வேலை செய்யவில்லை என்று இன்னும் கொட்டுகிறவர்கள் உண்டு. புதிதாக ஓட்டை விழுகிறதா என்பதை வைத்துத்தான் பலனை அளக்க வேண்டும். இதையும் குவியலாக வைக்கக் கூடாது, சாயங்காலம் ஈர மண்ணில் பரவலாக, பொட்டலத்தில் சொன்ன அளவுக்கு மேல் போகாமல் தூவ வேண்டும். நான் நாற்று நடும் வாரத்தில் மட்டும் பயன்படுத்துகிறேன். தங்குமிடங்களைக் கலைத்தபின் அதுகூடத் தேவைப்படாத பருவங்கள் வந்திருக்கின்றன.

கையளவு பெரிய, பழுப்புக் கோடு போட்ட கூம்பு ஓட்டு நத்தை உங்கள் தோட்டத்தில் இருந்தால் நிலைமை வேறு. அது ஆப்பிரிக்க ராட்சத நத்தை. கிழக்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இதை உலகம் முழுக்கப் பரப்பியது பெரும்பாலும் மனிதர்கள்தான். 1847ல் மொரீஷியசிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து விட்ட பென்சன் என்ற ஆங்கிலேயர் நத்தை ஓடுகளை ஆராய்ந்தவர், விவரம் தெரிந்தவர்! 1966ல் ஒரு சிறுவன் ஹவாயிலிருந்து ஃபுளோரிடாவுக்கு மூன்றே மூன்று நத்தையைக் கொண்டுபோனான், பாட்டி அவற்றைத் தோட்டத்தில் விட்டார். ஏழு வருடத்தில் 18,000க்கு மேல் பெருகி, ஒழிக்கப் பத்து வருடமும் பத்து லட்சம் டாலரும் பிடித்தன. அதே மாநிலத்தில் 2011ல் மறுபடி தென்பட்டு, மோப்ப நாய்களை வைத்துத் தேடி, 2021ல்தான் மயாமி பகுதியில் ஒழிந்ததாக அறிவித்தார்கள். அடுத்த வருடமே வேறொரு மாவட்டத்தில் தலைகாட்டியது. ஒரு முறைக்கு நூறிலிருந்து நானூறு முட்டை இடும், ஒருதடவை இணை சேர்ந்து வைத்த விந்தணுவைச் சேமித்துப் பல முறை முட்டையிடும் உயிருக்கு இது பெரிய காரியமில்லை.

அதனால் இதை உயிரோடு எங்கேயும் கொண்டுபோய் விடக் கூடாது. தெருவே சேர்ந்து, மழை தொடங்கிய முதல் வாரங்களிலேயே, முட்டையிடுவதற்குள் பொறுக்குவதுதான் வழி. ஒரு வீட்டில் மட்டும் பொறுக்கினால் சுற்றியுள்ள வீடுகளிலிருந்து வந்து நிரம்பிவிடும். ஓடு வளரச் சுண்ணாம்புச் சத்து வேண்டுமென்பதால் சிமெண்ட் சுவரையும் வெள்ளையடித்த சுவரையும் சுரண்டும். பொறுக்கப் போகும்போது சுவரைப் பார்க்க மறக்காதீர்கள். பொறுக்கியதைக் கொதிநீரிலோ கெட்டியான உப்புக் கரைசலிலோ போட்டு, உடைத்து, ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். காலி ஓடுகளை வெளியில் விட்டால் மழைநீர் தேங்கிக் கொசு வரும்.

இதைத் தின்னும் வேறு உயிரைக் கொண்டுவந்து விடலாமே என்ற யோசனையை உலகம் ஏற்கெனவே சோதித்துவிட்டது. நத்தை தின்னும் ஒரு வேட்டை நத்தையை 1955ல் ஹவாயில் விட்டார்கள். 1977ல் பசிபிக்கின் மூரியா தீவிலும் விட்டார்கள். அது ராட்சத நத்தையை விட்டுவிட்டு, அந்தத் தீவுகளுக்கே உரிய சிறு நத்தைகளைத் தேடித் தின்றது. பத்து வருட வாக்கில் மூரியாவின் பார்டுலா நத்தை இனங்கள் காட்டில் அநேகமாக அழிந்துவிட்டன. உயிரியல் பூங்காக்களில் காப்பாற்றி வைத்தவற்றை இப்போதுதான் திரும்பக் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கையுறை பற்றிச் சொல்கிறேன் என்றேன். எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழுவின் இளம் பருவம் நத்தைகளுக்குள் இருக்கக் கூடும். நத்தையைப் பச்சையாகத் தின்றாலோ, குட்டி நத்தை ஒட்டியிருக்கும் கீரையைக் கழுவாமல் பச்சையாகத் தின்றாலோ அந்தப் புழு மனிதனின் மூளைக்குப் போய் மூளைச்சவ்வு அழற்சியை உண்டாக்கக் கூடும். பெரும்பாலும் கடும் தலைவலியும் கழுத்து விறைப்புமாக வரும், சிலருக்கு ஆபத்தாகவும் முடியும். அதனால் வெறுங்கையால் தொடாதீர்கள், இடுக்கியோ கையுறையோ வேண்டும், பிறகு சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். தோட்டத்துக் கீரையை இலை இலையாகப் பிரித்துக் கழுவுங்கள், குட்டி நத்தை அரிசியைவிடச் சிறியதாகவும் இருக்கும். பச்சையாகத் தின்னும் இலை என்றால் இன்னும் கவனம். குழந்தைகள் நத்தையை வைத்து விளையாடுவதையும் நாய் கவ்வுவதையும் தடுத்துவிடுங்கள்.

எல்லா நத்தையும் எதிரி இல்லை என்பதையும் பொறுக்கும்போது நினைவில் வைக்கலாம். பல இனங்கள் மட்கிய இலையையும் பூஞ்சையையும்தான் தின்னும். உரக்குழிக்குள் இருப்பவற்றை நான் தொடுவதே இல்லை, அவை அங்கே வேலை பார்க்கின்றன. நாற்றுப் பாத்தியில் இருப்பவைதான் என் கணக்கு. தேரைகளும், தரையில் ஓடும் கரு வண்டுகளும், பூரானும், பல பறவைகளும் நத்தையைத் தின்னும். மின்மினிப் பூச்சியின் புழுப்பருவமும் அப்படித்தான். நத்தையின் சளிக்கோட்டைப் பிடித்துக்கொண்டே போய்க் கடித்து, விஷம் செலுத்தி, உடம்பைக் கரைத்து உறிஞ்சும். பூச்சிமருந்து அடிக்காமலிருப்பது இவற்றுக்கு நாம் செய்யும் உபகாரம். வாத்து வளர்க்க இடமிருப்பவர்களுக்கு அது நல்ல வேலையாள், ஆனால் இளம் நாற்றையும் சேர்த்து மேயும் என்பதால் பாத்தி காலியாக இருக்கும்போது மட்டும் விட வேண்டும்.

கடைசியாக, புதிதாக வருகிற எதையும் நேராகப் பாத்திப்பக்கம் கொண்டுபோக வேண்டாம். நாற்றங்காலிலிருந்து வாங்கும் தொட்டி, நண்பர் தரும் பதியன், மண், தொழு உரம், தென்னை நார்க்கழிவு எல்லாவற்றிலும் முட்டை வரலாம். செடி என்றால் தொட்டியிலிருந்து மெதுவாக உருவி, வேர்க்கட்டியின் அடியையும் ஓரத்தையும் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கிறேன். பிறகு தோட்டத்திலிருந்து தள்ளி, சிமெண்ட் தரையில், சுற்றிலும் எதுவும் ஒட்டாமல் இரண்டு மூன்று வாரம் தனியாக வைத்து, ராத்திரி ஒன்றிரண்டு முறை டார்ச் அடித்துப் பார்க்கிறேன். மண்ணும் உரமும் என்றால் தார்ப்பாயில் மெல்லியதாகப் பரப்பி, நன்றாகக் காயும்வரை வெயிலில் போட்டுவிட்டுத்தான் பயன்படுத்துகிறேன்.